ஒன்றரை முதல் மூன்று வரை

ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு விதிமுறை எழுதிய ஆள் நான். மத்திய அமைச்சகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் கையெழுத்துப் போடாமல் போனார், யாருடைய அரை நாள் விடுப்பைப் பிடிக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிப்பதில் எனக்கு இணையாக அந்தக் கட்டடத்தில் எவரும் இருந்ததில்லை. அந்தத் திறமையை எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்கும் காணிக்கையாக்கினேன். தொண்ணூறுகளின் பின்பாதியில், தில்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது, பங்குப் பேரவைக்கு நான்தான் செயலாளர்.

அங்கே வெள்ளிக்கிழமைதோறும் நற்கருணை ஆராதனை நடக்கும். பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம் கிறிஸ்துவே என்பது எங்கள் விசுவாசம். நற்கருணை எனப்படும் அந்த அப்பத்தைக் கதிர்ப்பாத்திரத்தில், அதாவது சூரியனைப் போலச் சுற்றிலும் கதிர்கள் விரிந்து நடுவில் கண்ணாடி பதித்த பாத்திரத்தில் வைத்து, பீடத்தின்மேல் நிறுத்துவார்கள். காலைப் பூசை முடிந்ததிலிருந்து மாலை ஐந்து மணி ஆசீர்வாதம்வரை அது அங்கே இருக்கும். எதிரே மக்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவுதான் ஆராதனை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நற்கருணை வெளியே இருக்கும்வரை ஓர் ஆளாவது எதிரே இருந்தாக வேண்டும். காலிக் கோயிலில் அவரைத் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

நிபந்தனை என்று ஒன்று இருந்தால் பதிவேடு என்று ஒன்று வேண்டாமா? பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றைத் திறந்தேன். தேதி, பெயர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து என்று கட்டம் போட்டேன். ஒன்பது விதிகளைத் தட்டச்சு செய்து கதவருகே ஒட்டினேன். நான்காவது விதி இது: ‘அடுத்தவர் வந்து கையெழுத்திடும்வரை எவரும் எக்காரணம் கொண்டும் இடத்தைவிட்டு எழக்கூடாது.’ ‘எக்காரணம் கொண்டும்’ என்பதற்குக் கீழே கோடும் இழுத்தேன்.

இனி அந்தம்மாவைப் பற்றி. பெயரை எழுதப் போவதில்லை. அனுமதி கேட்கவில்லை, கேட்க எனக்கு முகமும் இல்லை.

விழுப்புரம் பக்கத்துக்காரர். கணவரோடு கட்டட வேலைக்கு வந்தவர். கணவர் போய்விட்டார். ஒரே மகளை ஊரில் கட்டிக் கொடுத்தாயிற்று. சாக்கடைக் கால்வாயை ஒட்டியிருந்த ஜுக்கிக் குடிசைகளில் ஒன்றில் தனியாக இருந்தார். எங்கள் குடியிருப்பில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைப்பார். எங்கள் வீடு நான்காவது. ஒரு மணிக்கு வேலை முடித்து, வெள்ளிக்கிழமையானால் வாசல் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போய்விடுவார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். எனக்கு ஐம்பது. நான் அவரை ‘நீ’ என்றுதான் அழைத்தேன். இப்போது எழுதும்போதுதான் ‘அவர்’ வருகிறது.

ஒன்றரை முதல் மூன்று வரையுள்ள நேரத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மே, ஜூனில் அந்த நேரத்துத் தில்லியில் தெருநாய்கூட நடமாடாது. சாப்பிட்டு முடித்த கத்தோலிக்கக் குடும்பங்கள் கூலரைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும். பட்டியலில் அந்தக் கட்டம் மட்டும் மூன்று வாரம் காலியாகக் கிடந்தது.

“அந்த நேரத்துக்கு நான் குந்திக்கிறேன் சார்” என்றார் அந்தம்மா.

“கையெழுத்துப் போடத் தெரியுமா?”

“சிலுவை போடுவேன்.”

“மணி பார்க்கத் தெரியுமா?”

“அதுக்குத்தான் நீங்க வர்றீங்களே. நீங்க வந்தா மூணு மணி.”

மூன்று முதல் நான்கு வரை என் முறை. அலுவலகத்தில் வெள்ளிதோறும் சிறிது நேரம் வெளியே வர அனுமதி வாங்கியிருந்தேன். அந்தம்மா சிலுவைக் குறி போடுவார். வந்த நேரத்தையும் போன நேரத்தையும் நான் நிரப்புவேன். விதிகளை ஒவ்வொன்றாக அவருக்குப் படித்துக் காட்டினேன். நான்காவதை இரண்டு முறை படித்தேன்.

“ஒண்டியா உடக்கூடாதுன்றீங்க. அவ்ளோதான?” என்றார்.

“ஒன்பது விதி இருக்கும்மா.”

“இருக்கட்டும் சார். மீதியெல்லாம் அதுலயே வந்துருது.”

இந்த ‘ஒண்டியா உடக்கூடாது’ என்பது அவருக்கு ஒரு கொள்கை என்றெல்லாம் சொன்னால் மிகையாகிவிடும். சிலருக்கு விளக்கை அணைக்காமல் அறையைவிட்டு வரமுடியாது இல்லையா, அதுபோல. எதிர் பிளாக்கில் ஒரு பஞ்சாபி மாதாஜி, மகன்கள் இருவரும் வெளிநாட்டில் இருக்க, சாகும் தறுவாயில் கிடந்தார். அந்த வீட்டில் அந்தம்மாவுக்கு வேலைகூடக் கிடையாது. எங்கள் வீட்டு வேலை முடிந்ததும் படியேறிப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வார். இவருக்குத் தெரிந்த இந்தி பத்துச் சொல். மாதாஜி கண்ணைத் திறந்து, யாரது என்று, “கௌன்?” என்பார். நான் இங்கே என்று, “மே இதர்” என்பார் இவர். அரை மணி கழித்து மறுபடி “கௌன்?” மறுபடி “மே இதர்.” என் மனைவி இதை நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். மாதாஜி போன அன்று பக்கத்தில் இருந்தது அவர் ஒருவர்தான் என்று தெரிந்த பிறகும், “பாஷை தெரியாம என்ன பேசியிருப்பா?” என்று வேடிக்கையாகத்தான் கேட்டேன்.

“அவங்களுக்கு என்ன வேணுமாம்? யாரோ இருக்காங்கன்னு தெரியணும். அதுக்கு எதுக்குங்க பாஷை?” என்றாள் மனைவி, சிரிப்பதை நிறுத்திவிட்டு.

கோயிலிலும் அவர் அப்படித்தான் இருந்தார். நான் ஆராதனைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பிரார்த்தனைத் தாள்களை நகலெடுத்துக் கொடுத்திருந்தேன். புகழ்மாலை, பரிகார மன்றாட்டு, மௌன தியானத்துக்கான குறிப்புகள், எல்லாம் நிமிடக் கணக்கோடு. மௌனத்துக்கும் ஏழு நிமிடம் ஒதுக்கியிருந்தேன். அந்தம்மாவுக்குத் தாளால் பயனில்லை. ஜெபமாலையையும் உருட்டமாட்டார். நடுத்தூண் ஓரமாகத் தரையில் சம்மணமிட்டு, கைகளை மடியில் போட்டுக்கொண்டு, கதிர்ப்பாத்திரத்தைப் பார்த்தபடி இருப்பார். உதடு அசையாது.

“என்னதான் வேண்டிக்கிற?” என்று ஒரு நாள் கேட்டேன். செயலாளருக்கு இதெல்லாம் கேட்க உரிமை இருப்பதாக நினைப்பு.

“வரும்போது சொல்லிருவேன் சார். முட்டி வலி, பொண்ணு, அது இதுன்னு. ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும்.”

“மீதி நேரம்?”

“மீதி நேரம் அவரு இருக்காரு, நான் இருக்கேன். சும்மா நொய்நொய்னு பேசிக்கினே இருந்தா யாருக்குத்தான் புடிக்கும்?”

ஓர் ஆகஸ்டு மாதம், புழுக்கமான நாள், நான் உள்ளே போனபோது தூணில் தலைசாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தை விதி மீறலின்மேல் வந்த கோபம் என்றுதான் அன்றைக்கு எண்ணினேன். பித்தவெடிப்புக் கால், ஈரப் புடவை, பினாயில் வாடை. அவற்றின்மேலும் வந்தது. தோளைத் தொடக்கூட மனமில்லாமல் பதிவேட்டால் தட்டி எழுப்பினேன்.

“தூங்குறதுக்கு இதுவா இடம்?”

பதறி எழுந்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பீடத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என்னிடம், “காலையில நாலு மணிக்கு எந்திரிச்சது சார். தூங்குனாலும் இங்கதான தூங்குனேன்” என்றார். அதில் தப்பித்துக்கொள்ளும் குரல் இல்லை. நிலவரம் சொல்லும் குரல். குறிப்புப் பகுதியில் ‘உறங்கினார்’ என்று எழுதினேன். அந்த நோட்டில் அப்படியொரு குறிப்பு வேறு யாருக்கும் நான் எழுதியதில்லை. முழந்தாளிட்டபடி உறங்குகிற ஓர் அமைச்சக இணைச் செயலாளரின் மனைவி எங்கள் பங்கில் இருந்தார், அவருக்கும் எழுதவில்லை.

அடுத்த ஆண்டு மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது, முந்தைய வெள்ளி பதினைந்து நிமிடம் தாமதமாக வந்த ரயில்வே நண்பரை நேராகப் பார்த்துக்கொண்டே, “சிலர் ஆண்டவரையே காத்திருக்க வைக்கிறார்கள்” என்று வாசித்தேன். அவர் காது சிவந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை இங்கே சொல்லக் காரணம், அடுத்த வெள்ளி நான் என்ன செய்தேன் என்பது அதனால்தான் என்று இன்றுவரை நம்புகிறேன்.

அந்த வெள்ளி நான்கு மணி முறைக்கு வரவேண்டியவர் தொலைபேசியில் வர இயலாது என்றார். “கவலை வேண்டாம், மூன்று முதல் ஐந்து வரை நானே இருக்கிறேன்” என்றேன். ஷார்ஜாவில் இந்தியா ஆடிக்கொண்டிருந்தது. அரை நாள் விடுப்பு எடுத்து வீட்டுக்கு வந்து, ஒரு தட்டுச் சோற்றோடு டிவி முன்னால் உட்கார்ந்தேன். இரண்டே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். இந்த ஓவர் முடியட்டும் என்றேன். இந்த விக்கெட் என்றேன். மனைவி பூசா ரோட்டில் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் கேட்க ஆளில்லை. அந்தம்மா எழுந்திருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்பதுதான் விஷயம். வேறு யாராவது அங்கே இருந்திருந்தால் நான் ஓடியிருப்பேன்.

கோயிலை அடைந்தபோது ஐந்தடிக்கப் பத்து நிமிடம். பங்குத்தந்தை ஒரு நோயாளியைப் பார்க்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை. அந்தம்மா தூண் ஓரத்தில் உட்கார்ந்திருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தார். நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

“மணி என்னா சார்?”

“ஆபீஸ்ல திடீர்னு ஒரு மீட்டிங்” என்றேன். அவர் கேட்டது அதுவல்ல.

சிலுவையைப் போட்டார். பீடத்துக்கு ஒரு கும்பிடு. செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். எதற்கு ஓடுகிறார் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. அவருடைய சிலுவைக்கு நேரே போன நேரம் 3.00 என்று எழுதினேன். கீழே என் பெயர், வந்த நேரம் 3.00, கையெழுத்து. எண்களின் மை காய்வதற்குள் பங்குத்தந்தையின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நான் முழந்தாளிட்டேன். அந்த எட்டு நிமிடமும் நான் எதையும் பார்க்கவில்லை. தலை குனிந்திருந்தேன். பார்க்கிறவர்களுக்கு அது பக்தியாகத் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை மனைவிதான் சொன்னாள். ஜுக்கிகளை அகற்றப் போகிறார்கள். அதற்கு முன்னால் அங்கே குடியிருப்பவர்களுக்கு மாற்று மனை தருவதற்காக வெள்ளி மத்தியானம் திடீரென்று சர்வேக்காரர்கள் வந்து, ஆள் இருந்த வீட்டுக் கதவிலெல்லாம் எண் போட்டிருக்கிறார்கள். பூட்டியிருந்த வீட்டுக்கு நேரே ‘தாலா பந்த்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தம்மா வீடு பூட்டியிருந்தது.

“பக்கத்து ஜுக்கிப் பொம்பளை கோயில் வாசல் வரைக்கும் ஓடி வந்து கூப்பிட்டிருக்கா. மூணரை மணி இருக்குமாம். ‘நம்பர் போடுறாங்கக்கா, வாங்கக்கா’ன்னு கத்தியிருக்கா. இவ என்ன சொன்னாளாம் தெரியுமா? ‘சார் இப்ப வந்துருவாரு, வந்ததும் வரேன்’னு. அந்தப் பொம்பளையையே கொஞ்சம் உக்காரச் சொல்லிக் கேட்டிருக்கா. அவளுக்கு அவ வீட்டுக்கு ஓடணும், இல்லையா? ‘உன் சாமி உன்னை ஊட்ட விட்டே தொரத்துது’ன்னு திட்டிட்டுப் போயிட்டாளாம்.”

நான் செய்தித்தாளைப் புரட்டினேன்.

“உங்க முறைதானேங்க அது?”

“கொஞ்சம் லேட்டாயிருச்சு.”

“கொஞ்சம்னா?”

செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கம் என் கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். அன்றைக்கு அவள் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இந்த இடத்தில் என் துறை அறிவைச் சொல்லியாக வேண்டும். இப்படி விடுபட்டவர்கள் ஒரு மாதத்துக்குள் முறையிடலாம். ரேஷன் கார்டு இருந்தால் மட்டும் போதாது. சர்வே நேரத்தில் ஏன் வீட்டில் இல்லை என்பதற்கு நம்பத்தக்க அத்தாட்சி வேண்டும். ஒரு கோயில் தன் முத்திரையோடு, பதிவேட்டு நகலோடு, ‘இவர் அந்த நேரத்தில் இங்கே இருந்தார்’ என்று கொடுக்கும் கடிதம் முதல்தரமான அத்தாட்சி. அந்தம்மாவுக்கு இதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் பங்குத்தந்தையிடம் போனார். பங்குத்தந்தை என்னிடம் அனுப்பினார். கடிதம் எழுதுவது செயலாளர் வேலை.

எழுதினேன். ‘எமது பதிவேட்டின்படி, மேற்படி நாளில் மனுதாரர் பிற்பகல் 1.30 முதல் 3.00 வரை ஆராதனையில் கலந்துகொண்டார் எனச் சான்றளிக்கப்படுகிறது.’ பதிவேட்டின்படி. என் பணிக்காலம் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நின்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் பொய் கிடையாது. பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. நகலெடுத்து, முத்திரை வைத்து, உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சர்வே நடத்திய சேரித் துறை அலுவலகத்தில் குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, “மூன்று மணிக்குக் கோயிலிலிருந்து கிளம்பியிருக்கிறாய். பத்து நிமிட நடை. நாங்கள் உன் வரிசைக்கு வந்தது நான்கு மணிக்கு. எங்கே போயிருந்தாய்?” என்று கேட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

அந்தம்மா திரும்பி வந்தபோது பங்குத்தந்தையின் அறையில் நானும் இருந்தேன். மேசையின்மேல் பச்சை நோட்டு.

“ஃபாதர், மூணு மணின்னு போட்டுகீதாம். நான் சார் வந்தப்புறந்தான எந்திரிச்சேன்.”

பங்குத்தந்தை கேரளத்துக்காரர், மதுரையில் படித்தவர். நோட்டைத் திருப்பிப் பார்த்தார். “செக்ரட்டரி, நீங்க அன்னிக்கு மூணு மணிக்கு வந்தீங்கதானே?”

ஒரு சொல் போதும். ‘இல்லை’ என்று சொல்வதற்கு எந்தப் படிவமும் தேவையில்லை.

“பதிவேட்டில் அப்படித்தான் இருக்கு ஃபாதர்.”

அந்தம்மா என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் யாரும் என்னைப் பார்த்ததில்லை. பிறகு பங்குத்தந்தையிடம் திரும்பி, “எனக்கு மணி பாக்கத் தெரியாது ஃபாதர். நான்தான் தப்பா சொல்லிட்டேனோ என்னமோ” என்றார். கடிதத்தை எடுத்து மடித்துக்கொண்டு போனார்.

மழைக்காலம் முடிந்ததும் இடித்தார்கள். எண் போட்ட வீட்டுக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே மனை கிடைத்தது. அந்தம்மாவுக்கு இல்லை. பதர்பூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில், இரண்டு குடும்பங்களுக்கு நடுவே தடுப்புக் கட்டிய அறையில் ஒண்டினார். இரண்டு பஸ் மாறி வரவேண்டும். காலை வேலைக்கு நேரத்துக்கு வரமுடியாமல் நான்கு வீட்டில் மூன்று போயிற்று. போன மூன்றில் எங்களுடையதும் ஒன்று.

இனி வெள்ளிக்கிழமைக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. இடித்த மறுவாரம் மூன்று மணிக்கு உள்ளே நுழைந்தால், தூண் ஓரத்தில் இருந்தார். எழுந்தார். “வந்துட்டீங்களா” என்றார். சிலுவை போட்டார். போனார். அடுத்த வெள்ளியும் அதற்கடுத்த வெள்ளியும் அதே.

அவர் எழுந்து போன இடத்தில் நான் உட்கார வேண்டியிருந்தது. முன்பெல்லாம் ஆராதனை நேரத்தில் நான் பேரவைக் கூட்டக் குறிப்புகளைத் திருத்துவேன். அல்லது தாளில் உள்ள மன்றாட்டுகளை வரிசையாக முடித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். இப்போது அது முடியாமல் போயிற்று. எதிரே கண்ணாடிக்குள் அப்பத்தின் வெள்ளை வட்டம். அங்கே எதையும் தாக்கல் செய்ய முடியாது. அங்கிருந்து விளக்கமும் கேட்கப்படாது. குற்றச்சாட்டு வந்தாலாவது பதில் எழுதலாம்; அதில் நான் கெட்டிக்காரன். அது வெறுமே இருந்தது. நான் இல்லாத இரண்டு மணி நேரமும் அது அங்கே அப்படித்தான் இருந்திருக்கிறது, அந்தம்மாவோடு. ஆராதனையினால் என்ன பயன் என்று அந்நாளில் என்னைக் கேட்டிருந்தால் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருப்பேன். இப்போது ஒரு வரிதான் தெரியும். அங்கே உட்கார்ந்தால், உட்கார்ந்திருப்பது யார் என்பது தெரிந்துவிடும். எல்லாருக்கும் அது இனிமையாக இருக்கும் என்று சொல்லமாட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தபோது, பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில், பங்குத்தந்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“என்கிட்ட சொன்னது சரி” என்றார் வலைத்தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து. “அவங்க கிட்ட? அந்த ஆபீஸ்ல?”

“காலக்கெடு முடிஞ்சிருச்சு ஃபாதர்.”

“அது அவங்க சொல்லட்டும். நீங்க ஏன் அவங்க வேலையையும் செய்யறீங்க?”

அந்த வார வெள்ளி ஒன்றேகாலுக்கே போய்க் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். கையில் பிரமாணப் பத்திரம். ஆறு பத்திகள். தாமதத்தை மன்னிக்கக் கோரும் பத்தி தனியாக. அந்தம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். மேட்ச் உட்பட.

“தெரியும் சார்” என்றார். “பொட்டிக்கடையில எல்லாம் அன்னிக்கு அதான் ஓடிக்கினு இருந்துச்சு.”

“அப்போ ஃபாதர்கிட்ட ஏம்மா சொல்லல?”

யோசித்தார். “உங்க மூஞ்சி போன போக்கப் பாத்தேன். பாவமா இருந்துது. கோவம் அப்புறந்தான் வந்துது. பஸ்ஸுல போவச்சொல்ல.”

நான் பத்திரத்தை நீட்டினேன். படிக்கச் சொன்னார். படித்தேன். ‘அடுத்த முறைக்குரிய நபர் உரிய நேரத்தில் வராத காரணத்தால்’ என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

“அடுத்த நபர்னா?”

“நான்தான்.”

“உங்க பேரு இருக்குதா அதுல?”

ஆறு பத்தி. என் பெயர் இல்லை. இதை நான் யோசித்துச் செய்ததாகக்கூட நினைவில்லை. கை தானாகச் செய்திருக்கிறது.

“இல்ல” என்றேன்.

“என் பேரு?”

“அஞ்சு எடத்துல இருக்கு.”

அவர் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்குப் போய்ப் புதிதாக எழுதினேன். என் பெயர், என் பதவி, நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன், எத்தனை மணிக்கு வந்தேன், எந்த இரண்டு எண்களைப் பொய்யாக எழுதினேன். பங்குத்தந்தை முன்னிலையில் பதிவேட்டைத் திருத்தினேன். அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு மட்டும் இழுத்து, பழைய எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியான நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. ஞாயிறு பூசையில் எழுந்து நின்று சொன்னேன்; செயலாளர் பொறுப்பையும் விட்டேன். ரயில்வே நண்பர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அது அவருடைய பெருந்தன்மை.

சேரித் துறையில் ஓர் இளைஞர் பத்திரத்தைக் கடைசிவரை படித்தார். பாதியில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “அங்கிள்ஜி, லிஸ்ட் பந்த் ஹோ கயா” என்றார். பட்டியலை மூடி, மனைகள் ஒதுக்கி முடிந்தாயிற்று. எழுத்தில் கேட்டேன். மூன்று வாரத்தில் வந்தது: காலம் கடந்து பெறப்பட்டதால் பரிசீலிக்க இயலாது. அந்த வாக்கியத்தை நானே எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. இலக்கணப் பிழை எதுவும் இல்லாமல் நன்றாக எழுதியிருந்தார்கள்.

அந்த வெள்ளி மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே போனேன். கோயிலில் அவர் மட்டும் இருந்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஆராதனை நேரத்தில் பேசக் கூடாது என்பது ஏழாவது விதி.

“தள்ளுபடி பண்ணிட்டாங்கம்மா” என்றேன் தணிந்த குரலில். இந்தத் தடவை ‘நீங்க’ என்று சொல்லவேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தேன். “நீங்க வேற எங்கயாவது மனு போடணும்னா நான் எழுதித் தர்றேன்.”

“உங்க பேரப் போட்டுத்தான குடுத்தீங்க?”

“ஆமா.”

“கோயில்லயும் சொன்னீங்களாமே. உங்க ஊட்டம்மா சொன்னாங்க.”

“சொன்னேன்.”

“அப்ப உங்க பாரம் எறங்கிருச்சு” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார், ஒரு வேலை முடிந்தது என்பதுபோல. பிறகு, அதே குரலில்,

“என் ஊடு?”

என்னிடம் கேட்கிறார் என்று நினைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முகம் என் பக்கம் இல்லை. நேரே, கதிர்ப்பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணி ஆயிற்று. நான் கையெழுத்துப் போட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கும் உத்தேசமும் இருப்பதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு நடுவே உட்கார எனக்கு முறையில்லை என்று தோன்றியது. எழுந்து, இரண்டு வரிசை பின்னால் போய் உட்கார்ந்தேன்.